விண்டோஸ் 11: மாறலாமா, இருந்துவிடலாமா?

மிக்ஸியோ குக்கரோ, புதுசு வந்துவிட்டதே என்று நல்லாயிருக்கிற பழசைத் தூக்கிப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. காஸ்கெட்டை மாற்றி மாற்றியே எங்கள் குக்கர் பதினெட்டு வருஷம் விசில் அடித்திருக்கிறது. இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் செல்லவில்லை என்று 2025 கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. பல வீடுகளில் இதே பேச்சு ஓடியிருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை மென்பொருள். அது இல்லாவிட்டால் மேஜை மேல் இருப்பது வெறும் பெட்டி. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளச் சொல்கிறார்கள். தகுதியுள்ள கம்ப்யூட்டராக இருந்தால் மாறுவதற்குக் காசு கிடையாது.

“நிறுத்திட்டாங்கன்னா மறுநாள்லேருந்து ஓடாதா?” என்றார் என் மாமியார்.

ஓடும், அத்தை. நேற்று ஓடினது போலவே ஓடும். அதுதான் இதில் உள்ள வில்லங்கம். ஓடாவிட்டால் நாமே எதாவது செய்துவிடுவோம். ஓடுவதால் பேசாமல் இருந்துவிடுகிறோம். மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. கம்பெனி அவற்றை அடைத்துத் திருத்தம் அனுப்புகிறது. அனுப்புவதை நிறுத்தின பிறகு தெரியவரும் ஓட்டை திறந்தபடியே கிடக்கும். 2017-ஆம் வருஷம் மே மாதம் ‘வானாக்ரை’ என்ற நச்சு நிரல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் புகுந்து, கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன.

ஆகவே என் வரையில் முதல் கேள்வி, புதுசு நன்றாயிருக்கிறதா என்பதே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் நாம் என்ன செய்கிறோம்? பாங்க் கணக்கு, கரண்ட் பில், பிள்ளையின் பரீட்சைக் கட்டணம் என்று பணம் போய்வருகிற கம்ப்யூட்டரானால், திருத்தம் வராத விண்டோஸோடு அதை இன்டர்நெட்டில் விடக்கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. 2016-இல் வாங்கின டெஸ்க்டாப் ஒன்று, 2021-இல் வாங்கின லேப்டாப் ஒன்று. மைக்ரோசாப்டே ‘பி.சி. ஹெல்த் செக்’ என்று ஒரு சோதனை மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அதை ஓட்டிப் பார்த்தோம். லேப்டாப் பாஸ், டெஸ்க்டாப் பெயில். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. இடமும் இருந்தால் மட்டும் போதாது, ‘டி.பி.எம். 2.0’ என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். பிராசசரும் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான். சில கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பெயில் என்று வந்ததும் புதுசு வாங்கக் கடைக்கு ஓடாமல், அதை முதலில் விசாரியுங்கள். எங்கள் டெஸ்க்டாப்பின் பிராசசரே பழசு என்பதால் அந்த வழியும் இல்லை.

“நான் கொல்லைப்புறமா ஏத்தித் தர்றேன் அக்கா, ஒண்ணும் ஆகாது” என்றான் ரிப்பேர் கடைப் பையன். ஏற்ற முடியும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. திருத்தத்துக்காகத்தானே இந்தப் பாடு! வேண்டாம் தம்பி என்றேன்.

மாறமுடியாத வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் தரும் நீட்டிப்பு ஒன்றையும் அறிவித்தார்கள். மூச்சு விட்டுக்கொள்ள அது ஒரு வாய்தா, அவ்வளவுதான். ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் விண்டோஸுக்கென்று செய்த கணக்கு, தையல் டிசைன் மென்பொருள்கள் அதில் ஓடாமல் போகலாம். நாங்கள் செய்தது இதுதான்: டெஸ்க்டாப்பின் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டோம். பழைய பிரின்டர் அதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. அச்சடிக்கவும் பழைய படங்கள் பார்க்கவும் அது இருக்கட்டும். பணம் சம்பந்தப்பட்டது எல்லாம் இனி லேப்டாப்பில்.

லேப்டாப்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கச் செலவழித்து, போட்டோக்கள், சான்றிதழ்கள், கணக்குகள் எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல், டெஸ்க்டாப்பில் சொருகி நாலைந்தைத் திறந்தும் பார்த்தேன். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு முறையாக ஏறும்போது நம் பைல்கள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது வேறு சமாசாரம். கடையில் கொடுத்தால் எதைச் செய்யப்போகிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றம் நடக்கும்போது கரண்ட் இணைப்பை எடுக்கக்கூடாது. பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்கிற நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் ‘இடத்தை அடைக்கிறதே’ என்று பழைய விண்டோஸ் கோப்புறையைச் சுத்தம் செய்துவிட்டால், திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

மாறின பிறகு? என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முணுமுணுத்தார். இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. “எங்க வீட்டு வாசலை நடு ரோட்டுல வெச்ச மாதிரி இருக்கு!” செட்டிங்ஸில் போய் மகன் அதை இடது பக்கமே கொண்டுவந்து வைத்துவிட்டான். மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் முன்பு எல்லாம் ஒரே பட்டியலில் வரும். இப்போது சிலவற்றுக்கு இன்னொரு தட்டு தட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இன்றும் இது எரிச்சல்தான். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்களுடையதில் 8 ஜி.பி. நினைவகம். 4 ஜி.பி.யோடு மாறின பக்கத்து வீட்டில், திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்கிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறது. அழகுக்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம்’ என்று யாராவது போன் செய்தால் தயவுசெய்து வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாகக் கூப்பிடுவதில்லை.

இத்தனைக்கும் நடுவே யாரும் நினைக்காத ஒன்று தலை தூக்கியது: என் மாமனாரின் சமையல் குறிப்புகள். அத்தை சொல்லச் சொல்ல, 2003-இல் அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி டைப் செய்தவை. இன்று அவர் இல்லை. டெஸ்க்டாப்பில் தமிழாகத் தெரிகிற அந்தப் பைலை லேப்டாப்பில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் கூளம்! அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தே வெளியே தெரியும். பைல் கெட்டுப்போனதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டரின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அதை நகலெடுத்துப் புதியதில் போட்டால் தமிழ் திரும்பி வரும். வந்தது.

ஆனால் போனிலும் பேத்திகளின் கம்ப்யூட்டரிலும் படிக்க வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி. மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றின பிறகு ஒரு முறை படித்துச் சரிபார்க்க வேண்டும். நான் உரக்கப் படிக்க, அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். “கால்படி இல்லைம்மா, அரைக்கால்படி. அவர் அப்பவே தப்பா அடிச்சிட்டார்” என்கிறார். மொத்தம் 64 குறிப்புகள். ரசப்பொடி வரைக்கும் வந்திருக்கிறோம்; ஊறுகாய் இன்னும் ஆரம்பிக்கவில்லை.