பழுது எங்கே?

பிறர்பாற் குற்றஞ் சாட்டுதல் எளிது. குற்றம் உறையும் இடத்தை ஆராய்ந்து காண்டலோ அரிது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுக் குளியலறைப் பம்பு ஒன்றேயாம்.

சென்ற ஆண்டு என் பாட்டியார் வழுக்கி விழ, அவர்தம் வலக்கை எலும்பு முறிந்தது. நீரை முகந்து ஊற்றிக்கொள்ள இயலாத அவர் பொருட்டே ஷவரும் அதற்கொரு பம்பும் அமைக்கப்பெற்றன. 10 மீட்டர் உயரம் நிற்கும் நீரே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். எங்கள் மாடித் தொட்டியோ ஷவருக்கு 2 மீட்டர் மேலேதான் உள்ளது. ஆதலின் பம்பின்றேல் நீர் ஒழுகுமேயன்றி விசையுடன் தூவாது.

சில திங்கள் கழிந்தன. பம்பு ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். பாட்டியார் சோப்பு நுரையோடு நடுங்கி நிற்பார். அதுகண்டு மனம் பொறாத யான் குழாய்க்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "பழைய பம்பை எங்கள் தலையிற் கட்டிவிட்டீர்" என்று கடிந்துரைத்தேன். அவர் வெகுளாது, "தம்பி, பம்பு புதியதுதான், தண்ணீர்தான் உப்பு. ஷவரின் முகப்பைக் கழற்றிப் பாருங்கள்" என்றார். யான் செவிசாய்த்திலேன்.

தொட்டியைப் பார்த்தேன், நீர் நிறைந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திப் பம்பின் வடிகட்டியைக் கழுவினேன், பயனில்லை. இறுதியில், வேறு வழியின்றி, துளைகள் நிறைந்த அம்முகப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தேன். என்னே வியப்பு! பம்பு இடையறாது ஓடிற்று.

காரணம் பின்னர் விளங்கிற்று. பம்பிலுள்ள சுவிட்சு ஒன்று நீரோட்டத்தை உணர்ந்து, அது குறிப்பிட்ட அளவிற் குறையின் பம்பை நிறுத்தும், மிகின் இயக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு படிந்து துளைகள் அடைபட்டமையால், ஓட்டம் அவ்வெல்லையிலேயே ஊசலாடிற்று. பம்பு தன் கடமையையே செய்தது!

முகப்பை இரவு முழுதும் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன். மறுநாட் காலை பாட்டியார் இனிது நீராடி வந்து, "அந்த மனிதரிடம் சொன்னாயா?" என்றார். யான் தலைகுனிந்தேன்.

அன்று மாலையே அவர் இல்லஞ் சென்று மன்னிப்பு வேண்டினேன். அவர் நகைத்து, "மாதம் ஒருமுறை தேய்த்துவிடுங்கள், தம்பி" என்றார்.

அன்பர்காள்! அடைபட்டிருந்தவை ஷவரின் துளைகள் மட்டுமல்ல, என் செவிகளுமே.