சாயந்தரம் வாங்க

2020 கொரோனா ஊரடங்கில், பயண அனுமதிக்கான இ-பாஸ் என்ற பேச்சை எடுத்தாலே திண்டிவனத்தில் எல்லோருக்கும் எரிச்சல். எனக்கு அது பிழைப்பு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமுமாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வாசலில் நின்றவர்களோடு சேர்ந்து நானும் அரசாங்கத்தைத் திட்டினேன். திட்டிக்கொண்டே கல்லாவை நிரப்பினேன்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பேருந்து ஓடாத மே மாதத்தில் டாஸ்மாக் திறந்தது. ஜூன் 1 முதல் தமிழ்நாட்டை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். எங்கள் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை நான்கும் ஒரே மண்டலம். இங்கிருந்து திருவண்ணாமலைக்குத் தாராளமாகப் போகலாம். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் அச்சிறுபாக்கம் செங்கல்பட்டு மாவட்டம், அதற்குப் பாஸ் வேண்டும். சரி, இதுதான் கணக்கு என்று மனதில் பதிவதற்குள் ஜூன் 25இலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போகவே பாஸ் என்றாகிவிட்டது. கள்ளக்குறிச்சியோ 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர். தென்பெண்ணைக்கு இந்தக் கரையில் அரகண்டநல்லூர், அந்தக் கரையில் கள்ளக்குறிச்சி மாவட்டத் திருக்கோவிலூர், நடுவே ஒரு பாலம். அந்தப் பாலத்தைத் தாண்டக் கம்ப்யூட்டரில் அனுமதி வாங்க வேண்டும்! ஜிப்மருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். புதுச்சேரி தன் எல்லையில் தனிக் கெடுபிடி வைத்திருந்தது.

கட்டுப்பாடே கூடாது என்று சொல்லமாட்டேன். கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாக மே தொடக்கத்தில் இந்தப் பக்கம் தொற்று எப்படி ஏறியது என்பதைப் பார்த்தவன்தான் நான்.

கல்யாணம், சாவு, அவசர வைத்தியம் என்று சில காரணங்களுக்குத்தான் பாஸ். மகளின் பேறுகாலத்துக்குப் போகிற அம்மா, சென்னையில் வேலை போய் வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிற பையன் இவர்களெல்லாம் எந்தக் கட்டத்திலும் அடங்கமாட்டார்கள். காலையில் தள்ளுபடியான விண்ணப்பத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் சாயந்தரம் போட்டால் கிடைத்துவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என் முதலீடு. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை ஸ்கேன் செய்து, பெயரையும் தேதியையும் மாற்றி மாற்றி ஒட்டினேன். நேர் விண்ணப்பத்துக்கு ஒரு ரேட், பத்திரிகையோடு என்றால் வேறு ரேட். 'உதவிதானே செய்கிறோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் நடத்திவைத்த பொய்க் கல்யாணங்களுக்குப் பின்னால், நிஜச் சாவுக்குப் போக வேண்டியவரின் விண்ணப்பம் காத்துக் கிடந்திருக்கும். அதை நான் யோசிக்கவே இல்லை.

இதுவரை சொன்னதைக்கூட, காலம் அப்படி என்று யாராவது மன்னிக்கலாம். அடுத்ததை மன்னிக்க முடியாது.

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆதார் எண்ணோ ரேஷன் அட்டை எண்ணோ, கூடவே ஒரு செல்போன் எண்ணும் இருந்தால் போதும். பத்திரிகை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஊரே நிம்மதியான அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் பலருக்கு விஷயம் எட்டவில்லை. நானும் சொல்லவில்லை. பழைய ரேட்டையே வாங்கினேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தால் இவ்வளவு சுலபமா என்று தெரிந்துவிடுமே! அதனால், "டிரை பண்றேன், சாயந்தரம் வாங்க" என்பேன். அவர்கள் படியிறங்குவதற்குள் பாஸ் என் திரையில் வந்திருக்கும்.

மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிற அம்மா ஒருவர் வந்தார். மகன் சென்னையில் காய்ச்சலோடு கிடக்கிறான். "இன்னைக்கே கிடைச்சிருமா தம்பி?" என்றார். அவருக்கும் சாயந்தரம் என்றேன். திரும்பிப் போய்வரப் பஸ் ஏது? எதிர்க்கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். பொழுது சாயும் நேரத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். சொன்ன பணத்துக்கு மேல் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அதையும் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 1இல் மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்தானது. 7ஆம் தேதி வெளிமாவட்டப் பேருந்துகள் ஓடின. உத்தரவை நாளுக்கொன்றாக மாற்றியவர்களைப் பற்றி அன்று பேசாத வாய் இல்லை. அந்தக் குழப்பத்தில் காசு பார்த்த என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே 7 முதல் மறுபடி இ-பாஸ் வந்தது. "எவ்வளவுண்ணே?" என்று கேட்டு வருகிறார்கள். "உங்க போன்லயே எடுக்கலாம், காசு வேண்டாம்" என்று காட்டிக் கொடுக்கிறேன். பழைய கணக்கு அதனால் நேராகிவிடாது.

2020 ஆகஸ்ட் 17க்குப் பிறகு என்னிடம் பாஸ் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கடைக்கு வந்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது கேட்கமாட்டேன், அன்றைக்கு யாருக்கும் நான் கொடுக்கவில்லை.