கருநீல நூல்

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் லென்ஸ் என் கேமராவில் பாதிதான் வேலை செய்தது.

2012. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கையில் நிக்கான் டி3100, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். பர்மா பஜார் பக்கம் ஒரு சின்னக் கடையில் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றை 4,500 ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். மேன்ஷன் அறைக்கு வந்து, கை கழுவித் துடைத்து, பயபக்தியோடு மாட்டிப் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. ஃபோகஸ் நகரவில்லை.

விஷயம் எளிது. அது 'டி' வகை லென்ஸ். அதற்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகை வைத்து லென்ஸைச் சுழற்ற வேண்டும். விலை கூடிய பாடிகளில் அந்த மோட்டார் உண்டு, டி3100ல் இல்லை. இருபது நாள் ராத்திரி கண் விழித்து அந்த லென்ஸின் ஷார்ப்னெஸ் பற்றிப் படித்தவன், இந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். கம்பாட்டிபிலிட்டி என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

மறுநாள் கடைக்குப் போனேன். "உங்க பாடி எதுன்னு நீங்க சொல்லவே இல்லியே தம்பி" என்றார் கடைக்காரர். நியாயம்தான். திருப்பித் தந்தால் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். ஆயிரத்தைந்நூறு அப்போது எனக்கு அரை மாத மெஸ் செலவு. "வேண்டாம்ணே, இருக்கட்டும்" என்று வந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வருடம் கையாலேயே ஃபோகஸ் செய்தேன். வளையத்தைத் திருப்பத் திருப்ப, வியூஃபைண்டரின் கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது நிலைத்து நின்றால் ஃபோகஸ் சரி. அது நிற்பதற்குள் குழந்தை ஓடிவிடும், மாமா கொட்டாவி விட்டுவிடுவார். அசையாமல் உட்காருகிறவர்களைத் தேடித்தேடி எடுத்தேன். எனக்குக் கிடைத்த அசையாத மனுஷி அம்மா. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் தலை நிமிர மாட்டாள்.

இந்த ஐம்பது மில்லிமீட்டர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கையில் காசில்லாதவனுக்கு ஒளியியல் செய்த பெரிய உபகாரம் அது. எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50ஐ 1.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மி.மீ. நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மயிரிழை பெரிய துளை. கிட் லென்ஸை 55 வரை இழுத்தால் அதிகபட்சம் எஃப் 5.6, அதாவது பத்து மி.மீ.க்கும் குறைவு, சட்டைப் பொத்தான் அளவு. வெளிச்சம் உள்ளே வரும் கணக்கில் இரண்டுக்கும் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே ஒரு டியூப்லைட் எரிகிற முன்னறையில் அந்த ஒன்பது மடங்குதான் படம் வருவதா வராதா என்பதை முடிவு செய்யும்.

இவ்வளவு வெளிச்சம் விடுகிற லென்ஸ் ஏன் மலிவு? காரணம் 1896ல் இருக்கிறது. ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் என்பவர் பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். துளைக்கு முன்னால் மூன்று கண்ணாடி, பின்னால் மூன்று, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பிரதிபிம்பம் மாதிரி. முன்பாதி செய்யும் சில பிழைகளைப் பின்பாதி தானாகவே கழித்துவிடும். நூறு வருடத்துக்கு மேல் கழித்து நான் வாங்கியதும் அதே குடும்பம், அதே ஆறு கண்ணாடி. இன்னொரு காரணம் கேமராவின் உள்ளே இருக்கும் ஆடி. அது மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதால் நிக்கானில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்ஸாருக்கும் நடுவே 46.5 மி.மீ. விட்டிருக்கிறார்கள். 50 அதைவிடப் பெரிது, தொந்தரவில்லை. 24, 20 என்று இறங்கினால் பிம்பத்தை இயல்பைவிடப் பின்னால் தள்ளித் தள்ளி விழவைக்க வேண்டும். கண்ணாடிகள் கூடும், எடை கூடும், விலை கூடும்.

அதே 50ல் எஃப் 1.4 வேண்டுமென்றால் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். கிடைப்பதோ முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவான கூடுதல் வெளிச்சம். வாங்கியவர்கள் அதைப் பற்றி விடாமல் பேசுவார்கள். அவ்வளவு கொடுத்த பிறகு பேசாமல் இருக்கவும் முடியாதுதான்.

பட்ஜெட்டுக்குள் லென்ஸ் வாங்குவது எப்படி என்று ஆபீஸில் ஜூனியர்கள் கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். எதைப் படம் எடுக்கப்போகிறாய் என்று முதலில் சொல். கிட் லென்ஸில் ஒரு ஆயிரம் படம் எடு, அதில் எத்தனை படம் எந்த மில்லிமீட்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எண்ணிப் பார். பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அந்த அளவில் ஒரு எஃப் 1.8 இருந்தால் வாங்கு. நடுத்தர சைஸ் சென்ஸார் என்றால் 50 வீட்டுக்குள் நெருக்கும், 75 மாதிரி நடந்துகொள்ளும், 35 தேவலை. பழசு வாங்கினால் வெயிலில் பார்க்காதே. மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்து முன்னாலிருந்து சாய்த்துப் பார். தூசு இருந்தால் கவலையில்லை. சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருந்தால் அது பூஞ்சை. கீழே வைத்துவிட்டு வா, ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாலும்.

பூஞ்சை விஷயத்தில் நான் அனுபவஸ்தன். ஒரு ஐப்பசி முழுக்க கேமராவைத் துணி அலமாரியில் பைக்குள் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் கிட் லென்ஸின் உள்கண்ணாடி ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூ. ஓரத்தோடு நின்றதால் பிழைத்தது. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "அப்பளத்த எதுல வைக்கோம்?" என்று கேட்டுவிட்டு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள். செருப்பு டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து அதில் போட்டேன். இன்றுவரை என் லென்ஸ்கள் இருப்பது அப்பள டப்பாவில்தான்.

தப்பாக வாங்கிய அந்த 50 இன்னொரு வகையில் சரியாகப் போனது. முந்நூறு ரூபாய்க்கு ஒரு ரிவர்ஸ் ரிங் கிடைக்கும். அதை வைத்து லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் மேக்ரோ. எறும்பு, பொத்தான், தையல் இழை எல்லாம் சென்ஸாரில் ஏறக்குறைய நிஜ அளவில் விழும். புது லென்ஸ்களில் துளை வளையம் இருக்காது, திருப்பி மாட்டினால் துளையை மாற்ற வழியில்லாமல் முழிக்க வேண்டும். என்னுடைய பழசில் வளையம் இருந்தது. ஊசிக் காதில் நூல் நுழைகிற ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே உருப்படியானவற்றில் ஒன்று.

அந்தப் படத்தையும் இன்னும் பலதையும் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்புவேன். "நல்லாருக்குய்யா" என்று பதில் வரும். 2021 வாக்கில் ஒருநாள் போனில் கேட்டாள்: "ஏன்யா எல்லாத்தையும் பொகையாவே எடுக்க?"

நான் சிரித்தேன். அது பொகை இல்லம்மா, பின்னால இருக்கறது வேணும்னே மங்கலா விடறது, அதுக்குத்தான் இந்த லென்ஸு, இதுக்கு பொக்கேன்னு பேரு என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் "சரிய்யா" என்றாள்.

அடுத்த தீபாவளிக்குப் போனபோது பக்கத்துத் தெருக்காரம்மா ஒருத்தி ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்து நின்றாள். கருநீல ரவிக்கை. கொக்கிப் பட்டி முழுக்கக் கருப்பு நூல் ஓடியிருந்தது. நாற்பது வருடமாகத் தைக்கிற கை. அம்மா ஜன்னலோரம் போய் இரண்டு நூல்கண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு போலத்தான தெரியுது" என்றாள். அவள் என் படங்களைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்புலம் மட்டும் அல்ல, அவளுக்குப் படம் முழுவதுமே புகைதான். கண்புரையில் கண்ணின் வில்லை மங்குவதோடு மஞ்சளும் பிடிக்கும். மஞ்சள் கண்ணாடி வழியே கருநீலமும் கருப்பும் ஒன்றுதான். ஃபில்டர் எந்த நிறத்தை விழுங்கும் என்று எனக்குத் தெரியாதா? லென்ஸ் ஓரத்தில் ஊசிமுனை அளவு பூஞ்சையை டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கிறவன், வருடம் நான்கு முறை எதிரே உட்காரவைத்து அவள் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் படமெடுத்திருக்கிறேன்.

அப்போது என் கணக்கில் 62,000 ரூபாய் இருந்தது. மூன்று வருடச் சேமிப்பு, பழைய 70-200 எஃப் 2.8 ஒன்றுக்காக. சேர்த்துவைத்திருப்பது அம்மாவுக்கும் தெரியும், ஆனால் கார் வாங்க என்று நினைத்திருந்தாள்.

மருத்துவமனையில் கவுன்சிலர் பெண் லேமினேட் செய்த ஒரு அட்டையை மேஜையில் வைத்தாள். நான்கு வரிசை, நான்கு விலை, ஒரு கண்ணுக்கு. கடைசி வரிசை, பல தூரத்துக்கும் தெரியும் மல்டிஃபோகல், முதல் வரிசையைப்போல ஐந்து மடங்கு. இந்த அட்டையை எனக்கு நன்றாகத் தெரியும், பத்து வருடமாக இதே அட்டையைத்தான் வேறு வேறு கடைகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த லென்ஸைத் திருப்பித் தர முடியாது. பழசு வாங்கிப் பழக முடியாது. மாட்டினால் மாட்டினதுதான்.

நான் கடைசி வரிசையில் விரல் வைத்தேன். ஜூனியர்களுக்குச் சொன்ன ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "இதுதாம்மா இருக்கறதுலயே பெஸ்ட்டு." அந்த லென்ஸைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை. ஐந்து வருடம் கவனிக்காமல் விட்டதற்கு அபராதம் கட்ட ஒரு கவுண்டர் கிடைத்த மாதிரி இருந்தது.

அம்மா டாக்டரிடம் கேட்டாள்: "ராத்திரி இதுல எப்படியிருக்கும் சார்?"

அவர் நேர்மையாகச் சொன்னார். மல்டிஃபோகல் உள்ளே வரும் வெளிச்சத்தைக் கிட்டத்துக்கும் தூரத்துக்குமாகப் பங்குபோடும். பலருக்கு நன்றாக ஒத்துப்போகும். சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கலான வெளிச்சத்தில் துல்லியம் கொஞ்சம் குறையலாம். மோனோஃபோகல் ஒரே தூரம்தான், ஆனால் அந்தத் தூரத்தில் பளிச்சென்று இருக்கும், படிக்கத் தைக்கக் கண்ணாடி போட வேண்டும். எனக்கு ஜூமும் பிரைமும் ஞாபகம் வந்தன, சொல்லவில்லை.

"ஊசி கோக்க நாப்பத்திரெண்டு வயசுலேருந்தே கண்ணாடிதான சார்" என்றாள் அம்மா. "பஸ்ஸு போர்டு படிக்கணும். சாயங்காலம் லைட்டப் போட்டு உக்காந்து தைக்கணும். அதுக்கு எது தோதோ அது." பிறகு என் விரலை அட்டையிலிருந்து எடுத்து நகர்த்தினாள். இரண்டாவது வரிசை. மடித்து உள்ளே வைக்கிற மோனோஃபோகல், இந்தியாவில் செய்தது, 18,000.

எனக்கு அந்த நொடியில் வந்தது நிம்மதி. 62,000ல் எவ்வளவு மிஞ்சும் என்று மனசு அதற்குள் கழித்துவிட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றிரவு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல, வாங்கிய பிறகு படித்தேன். 1949ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் எதிர்க்காமல் சும்மா விட்டிருந்ததைப் பார்த்து வந்த யோசனை. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது நம் ஊர் ஏழைகளுக்கு எட்டாத விலை. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள், என் பாட்டி போட்டிருந்தது அதுதான். 1992ல் மதுரையில், அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக, ஆரோலேப் தொடங்கி இங்கேயே வில்லை செய்ய ஆரம்பித்த பிறகு, நூறு டாலர் கணக்கில் இருந்த விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. ஆறு மி.மீ. அகலமுள்ள ஒரு வட்டம். நான் வாங்கியதிலேயே சின்ன லென்ஸ்.

கட்டுப் பிரித்த அன்று அம்மா ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தாள். "இது மஞ்சக் காமால சுவரு, இது சுண்ணாம்பு அடிச்ச சுவரு" என்றாள், ஒரே சுவரைப் பார்த்து. இரண்டாவது கண்ணையும் மூன்று மாதத்தில் முடித்தோம். 70-200 வாங்கவில்லை. தியாகமெல்லாம் இல்லை, அதற்குள் எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், பழசின் விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, முன்னறையில் மாட்டியிருந்த தன் படத்தின் முன்னால் போய் நின்றாள். எஃப் 1.8ல் எடுத்தது. கண் இமை ஒவ்வொன்றும் எண்ணலாம். பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்திருக்கும். எனக்கு நிறையப் பேர் பாராட்டுச் சொன்ன படம்.

"மெஷினக் காணோமேய்யா" என்றாள்.

அது பின்னாலதாம்மா இருக்கு, மங்கலா.

"மெஷின் இல்லாம நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

டப்பாவைத் திறந்து கிட் லென்ஸை எடுத்தேன், பூஞ்சை பூத்தது. எஃப் 8ல் வைத்தால் எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். வெளிச்சம் பற்றாது, ஷட்டர் கால் விநாடிக்குப் போயிற்று. டிரைபாட் சென்னையில். கேமராவை அரிசி டிரம்மின் மேல் வைத்து, டைமர் போட்டு, "அசையாதம்மா" என்றேன். அசையவில்லை. படத்தில் மெஷின் இருக்கிறது, டேப் இருக்கிறது, சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறது, ஜன்னல் திண்டில் வரிசையாக நூல்கண்டுகள்.

கேமராவை வாங்கித் திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் தொட்டாள். "கருப்பு. அடுத்தாப்ல கருநீலம். அந்தக் கடைசில நிக்கது ஊதா. அப்பிடித்தான?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.