அடி அண்ணாமலையில் இரண்டு கற்பூரங்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கிளம்பியவர்களுக்கு அடி அண்ணாமலை வரும்போது கால் லேசாகக் கெஞ்ச ஆரம்பித்திருக்கும். நகரத்துச் சத்தமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, இங்கே முதலில் வந்து சேர்வது வாசனைதான். சூடத்தின் வாசனை.

வழியில் இருக்கும் ஒவ்வொரு லிங்கத்தின் முன்பும் யாராவது ஒருவர் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். ஆதி அண்ணாமலையார் கோயில் வாசலிலும் அப்படியே. பக்கத்தில் மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. அவர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்பது ஊராரின் நம்பிக்கை. அதனால் மார்கழி விடியற்காலை இங்கே தனி விசேஷம்.

மார்கழி என்றால் பொங்கலும் உண்டே! கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கி ஒரு வாய் போட்டால், நெய்யும் வெல்லமும் ஏலக்காயும் தெரிந்த பிறகு, கடைசியாகத் தொண்டையில் ஒரு குளிர்ச்சி இறங்கும். வீட்டில் எவ்வளவு நெய் ஊற்றினாலும் அது வருவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் அதிகம். அந்தக் குளிர்ச்சியின் பெயர் பச்சைக் கற்பூரம்.

பெயரில் ஒற்றுமை இருந்தாலும் சூடம் வேறு, இது வேறு. இன்றைய சூடம் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனைக் கொண்டு தொழிற்சாலையில் தயாராவது, கொளுத்துவதற்கு மட்டுமே. அவசரத்துக்கு அதைக் கிள்ளிப் பாயசத்தில் போடுவது ஆபத்து. சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுவிட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம். பச்சைக் கற்பூரத்திலும் அளவு மீறக் கூடாது. டப்பா எதுவானாலும் உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

பழைய நாளில் பச்சைக் கற்பூரம் கடல் தாண்டி வந்த பொருள். சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் பெரிய மரங்களைப் பிளந்தால் சிலவற்றின் உள்ளே வெள்ளைப் படிகமாக உறைந்து கிடக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. அதனால்தான் அந்த விலை. தங்கத்தின் எடைக்கு எடை விற்றதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

அந்தச் சரக்குக்குப் பேர்போன துறைமுகம் சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ். இந்தோனேசியாவில் கற்பூரத்துக்கு இன்றும் ‘காப்பூர் பாரூஸ்’ என்றுதான் பெயர். அங்கே 1873-ல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. மொழி தமிழ்! ஆண்டு 1088, இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். பொறித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்கள் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் கட்ட வேண்டும் என்கிறது அது. வாசனையை வைத்தே வரியைக் கணக்கிட்டிருக்கிறார்கள்!

இவ்வளவு தூரம் வந்த பொருளை நம்மவர்கள் அடுப்படியோடு நிறுத்தவில்லை. சந்தனத்தில் குழைத்துப் பூசினார்கள். தாம்பூலத்தில் சேர்த்தார்கள். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியோடு அதுவும் மணக்கும். வாசனைப் பொடிகளிலும் இடம் உண்டு. (அப்படி ஒரு பொடியின் பெயரைத் தாங்கிய ஜவ்வாது மலை இதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது.) சாப்பாட்டுக்கு ஒன்று, பூசிக்கொள்ள ஒன்று என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வேலைக்கும் அது பொருந்துவதற்குக் காரணம், உருகாமலே ஆவியாகும் குணம். திறந்து வைத்தால் டப்பா தானாகவே காலியாகிவிடும். பூசிய சந்தனத்தோடு சேர்ந்து மணப்பது அதனால்தான். கொதிக்கும் பொங்கலில் போட்டால் வீணாவதும் அதனால்தான். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, நெய்யில் நன்றாகக் கரையும்.

ஆகவே பொங்கலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, ஒரு கரண்டி வெதுவெதுப்பான நெய்யில் அரிசி மணியளவு பச்சைக் கற்பூரத்தைப் பொடித்துக் கரைத்து மேலே ஊற்றிக் கிளறி, உடனே மூடிவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் போதும். கொஞ்சம் கூடினாலும் கசக்கும். பண்டம் முழுக்க மருந்து வாடை அடிக்கும்.

வாங்கும்போது ‘சமையலுக்கு’ என்று கேட்டு, உணவுப் பொருள் என அச்சிட்ட டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நாலு மிளகைப் போட்டு இறுக மூடி வைப்பது பழைய வழக்கம். மிளகு அதை எவ்வளவு பிடித்து வைக்கிறதோ, இறுக்கமான மூடி நிச்சயம் பிடித்து வைக்கும்.