ஈயத் தகட்டின் மேல் 50 தாள்

தெருமுனையிலேயே உளிச்சத்தம் கேட்டது. மெக்சிகோவின் புவேப்லா மாநிலத்தில் உள்ள சான் சால்வடோர் வீஷ்கோலோட்லா, ‘பாப்பெல் பிகாடோ’ என்னும் காகிதத் தோரணத்துக்குப் பேர்போன ஊர். இவ்வூர்த் தோரணக் கலையை 1998இல் மாநில அரசு தன் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது.

என்னை இங்கே வரவழைத்தது ஒரு சிறுமியின் கேள்வி. டெக்ஸஸில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருகிறேன். அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் மரபு மாதம். அந்நாட்களில் பிள்ளைகள் வண்ணத் தாளை மடித்து, கத்தரித்து, கயிற்றில் ஒட்டித் தொங்கவிடுவார்கள். போன வருடம் ஆறு வயதுக்காரி ஒருத்தி, “இதை அங்கே யார் வெட்டுவாங்க?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உளிச்சத்தம் வந்த பட்டறையில் பெரியவர் ஒருவர் மெல்லிய தாள்கள் ஏறத்தாழ 50ஐ அடுக்கி, மேலே வரைபடத்தை வைத்திருந்தார். ஒரு காலத்தில் மணிலாவிலிருந்து அகபுல்கோவுக்குக் கப்பலில் வந்த தாள் இது. இன்றும் இதன் பெயர் ‘பாப்பெல் தெ சீனா’, சீனத் தாள். அடியில் ஈயத் தகடு. ஈயம் மென்மையானது, உளி கடைசித் தாள்வரை இறங்கினாலும் முனை மழுங்காது. நேர்முனை, பிறைமுனை, வட்டமுனை என்று உளிகள் வரிசையாகக் கிடந்தன. அவர் கண் வரைபடத்திலேயே இருக்க, கை தானாக அடுத்த உளியை எடுத்தது.

என்னிடமும் ஒன்றைக் கொடுத்தார். ஒரு பூவின் ஓரத்தை வெட்டினேன். அடி சற்றுத் தள்ளி விழுந்தது. பூ கழன்றது, 50 தாளிலும். பதறிப்போனேன். அவர் பூவுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த மெல்லிய இழையைக் காட்டினார். “இது பாலம்மா. பாலம் அறுந்தா பூ நிக்காது.”

வெட்டி முடித்த அடுக்கை அவர் மனைவி ஊதி ஊதி, தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை வரவேற்கும் படையலுக்கு மேலே இவை தொங்கும். தாள் அசைந்தால் அவர்கள் வந்துவிட்டார்கள் என்பது நம்பிக்கை. தன் அம்மாவின் படையலுக்கென ஊதா நிறத்தில் ஒன்றை அவர் தனியே எடுத்துவைத்தார்.

நான் பாழாக்கிய தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். இந்த வருடம் வகுப்பில் முதலில் அதைத்தான் காட்டினேன். பெரியவரையும் ஊதிப் பிரிக்கும் அந்தக் கைகளையும் பற்றிச் சொன்னேன். பிறகே கத்தரிக்கோல்களைக் கொடுத்தேன்; ஐந்து, ஆறு வயதுக்கு அதுவே போதும். பிறர் பண்பாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, அதைச் செய்கிறவர்களையும் காட்டுவது நம் கடமை.

ஒரு பையன் வெட்டுவதை நிறுத்திவிட்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் எண்ணினான். “மிஸ், என் பூவுக்கு மூணு பாலம் இருக்கு. விழாது.”