மலை தாண்டிப் பாலைவனம் வரை: மூன்று நாள் வான் பயணம்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பமாக மொரோக்கோ நாட்டுக்குப் போய் வந்தோம். பாரிஸில் இருந்து மராக்கேஷ் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அங்கிருந்து வழிகாட்டியோடு ஒரு வானில் அட்லஸ் மலையைக் கடந்து சகாரா பாலைவனத்தின் விளிம்பு வரை சென்று, மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்தோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் எம்மவர் பலருக்கு, "நாங்களும் இப்படிப் போகலாமா?" என்ற தயக்கம் இருக்கும். எங்களுக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

உண்மையைச் சொன்னால், வான் என்றாலே எங்கள் வீட்டில் ஒரு பயம். 2012இல் நாங்கள் ஐரோப்பாவுக்குள் வந்ததும் ஒரு வானில்தான். ஏஜென்சிக்காரன் இரவில் ஏற்றினான். யன்னல் இல்லை. மேடு ஏறுவதும் வளைவதும் காது அடைப்பதும் தெரிந்தன. அது மலைப்பாதை என்று ஊகித்தோமே தவிர, எந்த மலை, எந்த நாடு என்று இன்றுவரை தெரியாது. மூத்த மகளுக்கு அப்போது மூன்று வயது. கதைக்கக்கூடாது, பிள்ளை அழக்கூடாது, நிறுத்தச் சொல்லிக் கேட்கக்கூடாது என்பதே கட்டளை. பிள்ளை வாந்தி எடுத்தபோது எங்கள் சால்வையைத்தான் பிடித்தோம். அவளிடம் இதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் இன்றும் தூரப் பயணம் என்றால் அவளுக்கு முதல் நாளே வயிற்றைப் புரட்டத் தொடங்கிவிடும்.

பயணம் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் இங்கே பிறந்த சின்னவன்தான். வகுப்பில் எல்லாரும் விடுமுறைக்கு எங்கெங்கோ போய்வந்து கதைக்கிறார்களாம். அவன் மட்டும் லாச்சப்பல் கடைத்தெருவைப்பற்றி எத்தனை முறை சொல்வான்? அம்மம்மாவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டா. ஐந்து பேரும் வெளிக்கிட்டோம்.

முதலில் பத்திரம் பற்றிச் சொல்லவேண்டும். எங்களிடம் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். நாங்கள் விட்டு வந்த நாட்டைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போக அது செல்லும். ஆனால் பிரெஞ்சுக் குடிமக்கள் விசா இல்லாமல் போகும் இடத்துக்கு எங்களுக்கும் விசா வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு விசா எடுக்கவேண்டியிருந்தது. தூதரகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். திரும்பி வரும் நாளில் உங்கள் வதிவிட அட்டை காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விமான நிலையத்தில் எங்கள் பத்திரத்தை அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தபோது எங்களுக்கு உள்ளங்கை வியர்த்தது. பிறகு முத்திரை குத்தி, சின்னவனைப் பார்த்துச் சிரித்து, "நல்வரவு" என்றார்.

முதல் நாள் காலை ஏழரை மணிக்கு வான் வந்தது. பதினேழு பேர் இருக்கும் வான். நாலு பக்கமும் பெரிய கண்ணாடி. ஸ்பெயின்காரர், ஜெர்மன்காரர், நாங்கள். சாரதியும் வழிகாட்டியும் வேறு வேறு ஆட்கள். வழிகாட்டி முதலில் ஒரு வரைபடத்தை விரித்து, எங்கே போகிறோம், எங்கே சாப்பாடு, எங்கே படுக்கை, எத்தனை மணிக்கு எங்கே நிற்போம் என்று பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் சொன்னார். கடைசியில், "யாருக்கு எப்போது நிறுத்தவேண்டுமென்றாலும் சொல்லுங்கள், நிறுத்துவோம்" என்றார். அவருக்கு அது தினமும் சொல்லும் பேச்சு. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மராக்கேஷில் இருந்து பார்த்தாலே தெற்கே அட்லஸ் மலையின் பனி தெரியும். வட ஆபிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான தூப்கால் அந்தத் தொடரில்தான் இருக்கிறது, 4,167 மீட்டர். நாங்கள் கடந்தது திஸி-ந்-திஷ்கா என்ற கணவாய். உயரம் 2,260 மீட்டர். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1930களில் வெட்டிய பாதை அது. ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கணக்கில்லை.

பத்தாவது வளைவு வருமுன் மகள் வெளிறிப்போனாள். ஆனால் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் கையைப் பிடித்தாள். அம்மம்மாதான் தமிழிலேயே, "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டப்பு!" என்று சத்தம் போட்டா. மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியது. வான் ஓரமாக நின்றது. வழிகாட்டி தண்ணீர்ப் போத்தலும் ஒரு தோடம்பழமும் கொண்டுவந்து, தோலை உரித்து மணக்கச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜெர்மன்காரர் இறங்கிப் படம் எடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்து மகளை முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பாதை கண்ணுக்குத் தெரிந்தால் தலை சுற்றாது என்றார் சாரதி. அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

கணவாயைத் தாண்டியதும் நிலம் அடியோடு மாறிவிட்டது. வடக்குச் சரிவில் பச்சையும் மரமும். தெற்கே இறங்க இறங்கச் சிவந்த மண்ணும் கல்லும். அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருந்து வரும் ஈரக்காற்றை மலை மறித்து, மழையைத் தன் பக்கமே பெய்வித்துவிடுகிறது. மறுபக்கத்துக்கு உலர்ந்த காற்றுத்தான் மிச்சம். சில மலைக் கிராமங்களில் வெடித்த சுவர்களை வழிகாட்டி காட்டினார். 2023 செப்டம்பர் 8ஆம் திகதி இரவு இந்த மலைநாட்டில் பெரும் நிலநடுக்கம் வந்து 2,900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிந்த வீட்டை மனிதர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. வானுக்குள் எல்லாரும் அமைதியாக இருந்தோம்.

மதியம் அய்த் பென் ஹத்து என்ற மண்கோட்டை ஊருக்குப் போனோம். சகாராவில் இருந்து மராக்கேஷ் நோக்கி வந்த வணிகக் கூட்டங்களின் வழியில், ஆற்றங்கரைக் குன்றின்மேல் முழுக்க மண்ணாலும் வைக்கோலாலும் கட்டிய வீடுகள். யுனெஸ்கோ 1987இல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 'லோறன்ஸ் ஒஃப் அரேபியா', 'கிளாடியேட்டர்' போன்ற படங்களின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. சின்னவனுக்குப் படம்தான் பெரிதாகத் தெரிந்தது. அம்மம்மாவோ சுவரைத் தடவிப் பார்த்து, "மழைக்குப் பிறகு பூசாவிட்டால் கரைஞ்சு போகுமே" என்றா. வழிகாட்டியிடம் கேட்டோம். ஆம், மழைக்குப் பிறகு மண் குழைத்துப் பூசாவிட்டால் சுவர் நிற்காது என்றார். ஊரில் மண்வீட்டைச் சாணியால் மெழுகிய கைக்கு அது பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது.

அன்றிரவு தாதெஸ் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம். ஏப்ரல் மாதமென்றாலும் நல்ல குளிர். தஜீன் என்ற மண்சட்டியில் மரக்கறியும் கோழியும் அவித்துத் தந்தார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும், நாங்கள் சொல்லியிருந்தோம். உறைப்புப் போதாது என்று அம்மம்மா கைப்பையில் இருந்து மிளகாய்த்தூள் எடுத்தது வேறு கதை. தேத்தண்ணி என்றால் அங்கே சீனத்துப் பச்சைத் தேயிலையில் புதினாவும் நிறையச் சீனியும் போட்டு, உயரத்தில் இருந்து சிறு கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுவது. எங்கள் சாயத்தண்ணிக்கு ஈடில்லை. ஆனாலும் மூன்று கோப்பை குடித்தோம்.

இரண்டாம் நாள் தோத்ரா மலையிடுக்கு. சுண்ணாம்புக்கல் சுவர்கள் இரண்டு பக்கமும் 300 மீட்டர் வரை செங்குத்தாக எழுகின்றன. நடுவே மெல்லிய ஆறு. மிக ஒடுங்கிய இடத்தில் அகலம் பத்து மீட்டர் அளவுதான். அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் கீழே திங்கீர் ஊரின் பேரீச்சந்தோட்டங்கள் நிற்கின்றன. மேலே பேரீச்சை, அதன் நிழலில் பழமரங்கள், அதற்கும் கீழே மரக்கறி என்று மூன்று தட்டாகப் பயிர் செய்கிறார்கள். இன்னும் கிழக்கே போனால் ஆறும் இல்லை. அங்கே நிலத்துக்கு அடியில் நீண்ட வாய்க்கால் வெட்டி, தூரத்து நிலத்தடி நீரைச் சாய்வாக ஓடவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெட்டிய மண்ணை வெளியேற்றிய குழிகள் வரிசையாகப் புற்றுகள் போல் தெரிகின்றன. கிணற்றையும் துலாவையும் நம்பி வாழ்ந்த எங்களுக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

இந்த மலைநாட்டில் பலரின் தாய்மொழி அமாஸிக். அரபு மொழியில் இருந்து வேறானது. எங்கள் வழிகாட்டியின் மொழியும் அதுதான். அவர் படித்த காலத்தில் அந்த மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. 2003இல் பள்ளிகளில் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அரபுக்குப் பக்கத்தில் அதுவும் ஆட்சிமொழியானது. தன் மகள் அந்த எழுத்தில் எழுதிய கடதாசியைக் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினார். தனக்கு அதை வாசிக்கத் தெரியாதாம். அவர்களின் புத்தாண்டு ஜனவரி 14. அதைத் தேசிய விடுமுறையாக 2023இல் அறிவித்தார்கள். "அது எங்கட தைப்பொங்கல்!" என்று சின்னவன் துள்ளினான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போக அழுபவன், திங்கீர் தெருவில் வழிகாட்டிக்குத் தன் பெயரை 'அ'னாவில் தொடங்கி எழுதிக் காட்டினான்.

மாலை மெர்ஸூகா என்ற ஊரைச் சேர்ந்தோம். அங்கே ஏர்க் ஷெப்பி மணல்மேடுகள் தொடங்குகின்றன. உயரம் 150 மீட்டர் வரை. சகாரா முழுவதும் மணல் என்று நினைத்திருந்தோம். உண்மையில் பெரும்பகுதி கல்லும் கட்டாந்தரையும்தான். ஒற்றைத் திமில் ஒட்டகத்தில் ஏறிக் கூடார முகாமுக்குப் போனோம். அம்மம்மா ஒட்டகத்தில் ஏறமாட்டேன் என்று ஜீப்பில் வந்தா. மணல்மேட்டைப் பார்த்தவுடன், "மணற்காடு மாதிரிக் கிடக்கு, கடல்தான் இல்லை" என்றா. வடமராட்சிக் கிழக்கின் மணற்காடு. சின்னவன் அதைப் பார்த்ததில்லை. மகளுக்கு நினைவில்லை.

கிழக்கே கைகாட்டி, அந்தப் பக்கம் அல்ஜீரியா என்றார் வழிகாட்டி. இரு நாட்டுக்கும் இடையிலான தரைவழி எல்லை 1994இல் மூடப்பட்டது. நாங்கள் போனபோதும் திறக்கவில்லை. மணலில் கோடு ஒன்றும் தெரியவில்லை. அவருடைய பெரியதகப்பன் குடும்பம் அந்தப் பக்கத்தில் இருக்கிறதாம். பாலைத் திணைக்கு உரியது பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்திருந்தோம். அது அந்த மாலையில் ஞாபகத்துக்கு வந்தது.

இரவு குளிர் இறங்கியது. விளக்குகளை அணைத்தார்கள். ஊரில் மின்சாரம் இல்லாத நாட்களில் பார்த்த வானம் அங்கே இருந்தது. சின்னவன் தூங்கிவிட்டான். மகள் போர்வைக்குள் இருந்தபடி கேட்டாள்: "அப்பா, நாங்கள் முதல் வந்த வானும் நிப்பாட்டிச்சுதா?"

பன்னிரண்டு வருடமாக நாங்கள் ஒளித்து வைத்ததை அன்று சொன்னோம். யன்னல் இல்லாத வானை, சால்வையை, அவளுடைய வாயைக் கையால் பொத்தியதை எல்லாம் சொன்னோம். பொத்தியதைச் சொல்லும்போது எங்கள் குரல் சரியாக வரவில்லை. அவள் நிறைய நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த நாற்றம் மட்டும் எனக்குத் தெரியும். ஏன் என்று தெரியாமல் இருந்தது" என்றாள். அம்மம்மா அவளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தா.

மூன்றாம் நாள் விடியுமுன் எழுப்பினார்கள். மணல் கருமையில் இருந்து சிவப்பாகி மஞ்சளாவதைப் பார்த்துவிட்டு ஏறினோம். திரும்பும் வழி ஏறக்குறைய 560 கிலோமீட்டர். சாப்பாட்டு நேரம் நீங்கலாகப் பத்து மணி நேர ஓட்டம். மகள் கேட்டே முன் ஆசனத்தில் இருந்தாள். வழிகாட்டியின் வரைபடத்தை மடியில் விரித்து, வரும் ஊர்களின் பெயரைப் பின்னால் இருந்த எங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். திஷ்கா வளைவுகளில் ஒருமுறை நிறுத்தச் சொன்னாள். அவளே வாய் திறந்து சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோடையைத் தவிருங்கள், பாலைவனத்தில் 40 பாகையைத் தாண்டும். வசந்தமும் இலையுதிர்காலமும் நல்லவை. நடுமாரியில் கணவாயைப் பனி மூடிப் பாதையை அடைப்பதுண்டு. கம்பளி உடுப்பும் தலைக்குத் துணியும் கட்டாயம். வழியில் கம்பளக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கூட்டிப்போவார்கள். பார்க்கலாம், வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. விலையில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதியச் சாப்பாடு பெரும்பாலும் வேறு காசு. தலை சுற்றும் பிள்ளை இருந்தால் முன் ஆசனத்தை முதல் நாளே கேளுங்கள்.

அவ்வளவு தூரம் போகக் காசு இல்லையென்றால் பரவாயில்லை. நீங்கள் இருக்கும் நகரத்துக்குப் பக்கத்து மலைக்கோ ஆற்றுக்கோ ஒருநாள் போங்கள். பகலில் போங்கள். வரைபடத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். வந்த வழியைப் பற்றி அது கேட்டால் பதில் சொல்லுங்கள்.