தந்தையும் விளையாட்டும்

குழந்தைகளோடு விளையாடுதல் தாயர்க்கும் பாட்டியர்க்கும் உரியது என்றும், தந்தையர்க்கு உரியவை பொருள் தேடுதலும் கண்டித்தலுமே என்றும் நம்மிற் பலர் எண்ணி வந்திருக்கின்றனர். நம் பழைய நூல்களைப் புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பது விளங்கும். பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 188-ஆம் பாட்டாக அமைந்துள்ளது. சிறு குழந்தையொன்று தளர்நடையிட்டு வந்து, பெரியோர் உண்ணும் கலத்திற் கையை இட்டு, சோற்றைத் துழாவி, நெய் கலந்த அச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சியை அவர் அப்பாட்டில் வியந்து கூறுகின்றார். உண்ணும் வேளையில் குழந்தையை அப்பால் எடுத்துச் செல்லுமாறு பணியாளரை ஏவும் தந்தை ஒருவர் இப்பாட்டைப் பாடியிருக்க இயலாது. அருகில் அமர்ந்து, தம் ஆடையிலும் நெய் பட்டுவிடும் என்பதைப் பொருட்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தவரே பாடியிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களையும் நம் புலவர்கள் மறந்தாரல்லர். தச்சர் செய்த சிறுதேரைச் சிறுவர் உருட்டி விளையாடியதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. மூன்று உருளைகள் உடைய சிறுதேர் பட்டினப்பாலையில் வருகின்றது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டல் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் ஒன்றாயிற்று. இன்று நாம் நடைவண்டி என்கிறோமே, அதுவும் மூன்று உருளைகளோடுதான் உருள்கின்றது.

ஆயினும், ஏட்டில் உள்ள அன்பு எல்லா வீட்டு முற்றங்களிலும் வெளிப்படையாக உலவியது என்று கூற இயலாது. 1970-ஆம் ஆண்டை ஒட்டிய என் இளமைப் பருவத்தில், தந்தையாரின் செருப்போசை கேட்டவுடனே பிள்ளைகள் பேச்சடங்கி எழுந்து நிற்கும் வீடுகளே எங்கள் தெருவில் மிகுதி. அத்தந்தையரிடம் அன்பு இல்லாமலில்லை. அதனைக் காட்டுதல் தம் பெருமைக்கு இழுக்கு என்று அவர்கள் கருதினர். எழுதுகோல் வேண்டுமாயினும், திருவிழாவிற்குச் செல்ல இசைவு வேண்டுமாயினும், தாயாரே இடைநின்று தூது செல்லுதல் வேண்டும். ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர்க்கிடையே தூது எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

என் தந்தையாரும் அதிகம் பேசாதவரே. தாமிரபரணிக் கரையை அடுத்த சிற்றூர் எங்களுடையது. அவர் பலசரக்குக் கடையொன்றில் கணக்கு எழுதி வந்தார். காலை எட்டு மணிக்குச் சென்றால் இரவு எட்டு மணிக்கே திரும்புவார். வருவாய் சிறிது, விளையாட்டுப் பொருள் வாங்குதற்கென்று ஒரு காசும் ஒதுக்க இயலாது. ஆனால், இரவு உணவிற்குப் பிறகு அரைமணி நேரத்தையும், ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதையும் அவர் எங்களுக்கென்று வைத்திருந்தார். அதனை அவர் ஒரு கடமையாகக் கருதினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கே அதில் விருப்பம் இருந்தது. பெரியோர் விரும்பி ஆடுகின்றாரா, கடனுக்கு ஆடுகின்றாரா என்பதைக் குழந்தைகள் எளிதிற் கண்டுகொள்வர்.

கோடைக் காலத்தில் நுங்கு வண்டி செய்வோம். நுங்கைத் தோண்டி உண்டபின் எஞ்சும் காய்களுள் ஒத்த அளவுடைய இரண்டைத் தேர்ந்து, ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் அச்சும் உருளைகளும் ஆயின. நுனியிற் கவையுள்ள நீண்ட கோலொன்றை அவ்வச்சின்மேற் பொருத்தித் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதே. ஒரு காய் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பின் வண்டி நேரே செல்லாது. சிறிய காயின் பக்கமாகவே திரும்பும். இதனைத் தந்தையார் வாயாற் சொல்லவில்லை. நான் பொறுக்கி வந்த ஒவ்வாத காய்களையே பூட்டிக் கொடுத்து, “ஓட்டிப் பார்” என்றார். வண்டி என்னை வேலியோரத்து முட்செடியிற் கொண்டு சேர்த்தது. அவர் வாய்விட்டு நகைத்தார், நானும் நகைத்தேன்.

ஆடி மாதத்தில் காற்று வலுத்ததும் ஓலைக் காற்றாடியின் முறை வரும். பனையோலையில் விரலகலமுள்ள இரு கீற்றுகளைக் கிழித்து, ஒன்றன் குறுக்கே ஒன்று அமையும்படி மடித்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, அம்முள்ளை ஒரு குச்சியின் முனையிற் குத்திவிட்டால் காற்றாடி ஆயத்தம். இதழ்கள் தட்டையாக இருந்தால் அது சுழலாது. காற்றைச் சாய்வாக ஏற்கும்படி அவற்றைச் சற்றே முறுக்கிவிடுதல் வேண்டும். இன்று முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் ஓங்கி நின்று மின்சாரம் தரும் காற்றாலைகளின் இறக்கைகளும் இத்தகைய சாய்வினாலேயே சுழல்கின்றன. பூவரசிலையைச் சுருட்டி ஊதுதல், மழைநாளில் காகிதக் கப்பல் விடுதல் முதலியவற்றை நீங்களே அறிவீர்கள். அவற்றை விரித்தல் வேண்டா.

ஆடுபுலி ஆட்டத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். திண்ணையிற் கரியாற் கட்டம் வரைவோம். கோடுகள் கூடும் இடங்கள் 23, புலிகள் 3, ஆடுகள் 15. அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி வெற்றிடத்திற் குதித்தால் புலி அதனை வெட்டிவிடும். மூன்று புலிகளையும் அசையவொட்டாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கு. பழைய கோயில் மண்டபங்கள் சிலவற்றின் கற்றரையிலும் இக்கட்டங்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தந்தையார் புலி, நான் ஆடு. சிறுவர் மனம் மகிழ்தற்காக வேண்டுமென்றே தோற்கும் பெரியோர் உளர். அவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பிள்ளைகள் அதனை அறிந்துவிட்டால் பின்னர்க் கிடைக்கும் உண்மையான வெற்றியையும் நம்பமாட்டார்கள். என் தந்தையார் அவ்வாறு தோற்றதே இல்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நானே தோற்றேன். ஆடுகளை ஒன்றையொன்று ஒட்டி நிறுத்தக் கற்றுக்கொண்ட பின்னர், ஒருநாள் அவருடைய மூன்று புலிகளும் அடைபட்டன. அவர் நெடுநேரம் கட்டத்தையே நோக்கியிருந்து, “நான் எங்கே வழி விட்டேன்?” என்று என்னைக் கேட்டார். அதுவரை அவர் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது. தமக்குத் தெரியாத ஒன்றை அவர் என்னிடம் கேட்டது அன்றுதான்.

பல்லாங்குழியின் செய்தி வேறு. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உடைய அப்பலகையில், குழிக்கு ஐந்து புளியங்கொட்டைகளாக இட்டால் 70 ஆகும். அது பெண்டிர்க்குரிய ஆட்டம் என்பது ஊர் வழக்கு. என் தந்தையாரோ, “இதுவும் கணக்குத்தானே” என்று சொல்லி என் தமக்கையாரோடு ஆட அமர்ந்துவிடுவார். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இதனைக் கண்டு கேலி பேசியதும் உண்டு. தந்தையார் தலை நிமிராமற் கொட்டைகளை இட்டுக்கொண்டே இருப்பார்.

தமக்கையார் எட்டாம் வகுப்புத் தேறிய ஆண்டு அது. எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டு வகுப்புகளே இருந்தன. உயர்நிலைப்பள்ளி மூன்று கல் தொலைவில் இருந்தது. பெண்பிள்ளையை அவ்வளவு தொலைவு அனுப்புதல் வேண்டா என்று வீட்டுப் பெரியோர் பேசி முடித்திருந்தனர். எழுதுகோலுக்குத் தூது செல்லும் தாயாரும் இதற்குத் தூது செல்ல அஞ்சினார். ஒருநாள் இரவு, ஆட்டத்தினிடையே, கையிலிருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே, பலகையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “அப்பா, எனக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்க வேண்டும்” என்றார் தமக்கையார். அருகில் இருந்த எனக்கு மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. தந்தையாரின் முகத்தை நேரே நோக்கிச் சொல்ல வேண்டியிருப்பின் அச்சொல் அவர் வாயினின்று வந்திராது. கண்கள் பலகையில் இருந்தன. கைகள் பழகிய தொழிலைச் செய்துகொண்டிருந்தன. ஆதலால் அது வெளிவந்தது. தந்தையார் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தம் முறைக்குரிய கொட்டைகளை இட்டு முடித்தார். பின்னர், “மழைக்காலத்தில் ஓடை நிரம்பிவிடுமே, எந்த வழியாகப் போவாய்?” என்று கேட்டார். தமக்கையார் அதற்கும் விடை வைத்திருந்தார். “பாலத்து வழியாகச் சுற்றிப் போவேன் அப்பா, அரைமணி முன்னே கிளம்பினாற் போதும்.”

அடுத்த திங்கட்கிழமை தந்தையார் கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு, மகளை உயர்நிலைப்பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் தமக்கையார் செவிலியாகி முப்பது ஆண்டுகளுக்கு மேற் பணியாற்றினார். அன்றைய ஆட்டத்தில் வென்றவர் யார் என்பது எங்கள் இருவர்க்கும் நினைவில்லை.

விளக்கிற்கும் சுவருக்கும் இடையே கைகளைக் கோத்து நிழலால் மானும் முயலும் பருந்தும் காட்டுவதிலும் தந்தையார் வல்லவர். கை விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிதாகும். எனவே, முயல் யானையளவு வளர்ந்து சுவரை அடைத்து நிற்கும். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் எங்களை முற்றத்திற்கு அழைத்துக் கார்த்திகை மீன்களை எண்ணச் சொல்வார். பெரும்பாலோர் கண்ணுக்கு அவை ஆறாகவே தோன்றும். என் தம்பி எப்பொழுதும் ஏழு என்பான். அவனுக்குக் கூர்மை கண்ணிலா, வாயிலா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

மாணவர்களே, உங்கள் தந்தையரும் களைத்தே வீடு திரும்புகின்றனர். வந்தபின்னும் கைப்பேசி அவர்களை விடுவதில்லை; உங்களையுந்தான் விடுவதில்லை. கடையில் விற்கும் பொம்மை மகிழுந்து மின்கலத்தினால் தானே ஓடுகின்றது. குழந்தை அதனைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது. உங்கள் வயதினர்க்கு நுங்கு வண்டி பொருந்தாது என்று நீங்கள் நாணலாம். ஆடுபுலிக்கு அந்த நாணம் வேண்டா. முதியோரும் ஆடும் ஆட்டம் அது. திண்ணை இல்லாத வீடாயின் தாளிற் கட்டம் வரையலாம். கல்லுக்கும் கொட்டைக்கும் மாற்றாகச் சட்டைப் பொத்தான்கள் போதும். தந்தையரை நீங்களே அழைத்துப் பாருங்கள். தம்மோடு தம் தந்தையர் ஆடியறியாமையால், எவ்வாறு தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் தந்தையர் பலர் உளர். தந்தையை இழந்த பிள்ளைகட்குத் தாய்மாமனோ தமையனோ எதிரில் அமரலாம்.

பிழைப்பின் பொருட்டுத் தொலைவில் இருக்கும் தந்தையர் என் செய்வது? 1928-ஆம் ஆண்டுக் கோடையில் ஜவாஹர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார். பத்து வயது மகள் இந்திரா மலைமேல் உள்ள முசௌரியில் இருந்தார். அப்பொழுது நேரு எழுதிய 30 கடிதங்கள் 1929-இல் நூலாக வெளிவந்தன. வழவழப்பான கூழாங்கல் ஒன்று அவ்வுருவத்தை எவ்வாறு பெற்றது என்பதை முதற் கடிதத்திலேயே அவர் எடுத்துரைக்கின்றார். அதனைப் படித்த குழந்தை, வழியிற் கிடக்கும் கல்லொன்றையேனும் கையில் எடுத்துப் பாராமற் போகாது.

எங்கள் தெருவிலும் அத்தகைய தந்தை ஒருவர் இருக்கின்றார். அவர் லாரி ஓட்டுநர். மாதத்திற் பெரும்பகுதி வெளியூர்ச் சாலைகளிலேயே அவருக்குக் கழிந்துவிடும். வண்டியை நிறுத்தி இளைப்பாறும்போது மகளைத் தொலைபேசியில் அழைத்து விடுகதை ஒன்று சொல்வார்; விடையை மட்டும் சொல்லமாட்டார். சென்ற ஆண்டு ஒருநாள், “விளக்கிருந்தால் கூடவே நிற்பான்; விளக்கணைந்தால் வீட்டைவிட்டே ஓடுவான்; அவன் யார்?” என்று கேட்டுவிட்டார். அச்சிறுமி என்னிடமும் வந்தாள். “சொல்லிவிடாதீர்கள் தாத்தா, நானேதான் கண்டுபிடிக்க வேண்டும்” என்று முன்னரே கட்டளையிட்டு, என் முகத்தை மட்டும் உற்றுப் பார்த்துச் சென்றாள். விட்டில் என்றாள், பல்லி என்றாள். இரண்டனையும் அவள் தந்தையார் ஏற்கவில்லை. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் நின்றது. அவள் தாயார் ஏற்றி வைத்த மெழுகுவத்தியும் காற்றில் அணைந்தது. “கண்டுபிடித்துவிட்டேன்!” என்று அவள் இருளிற் கூவியது மூன்று வீடுகட்கு அப்பால் இருந்த எனக்கும் கேட்டது. அவள் தந்தையார் அவ்வேளையில் நாகபுரிச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது அவரை அழைத்தல் ஆகாது என்பதால், விடையை வைத்துக்கொண்டு விடியும்வரை அவள் காத்திருந்தாள்.